உன் அப்பா உட்கார்ந்த சேணம்

அன்றைக்கு வெள்ளிமலையில் இருந்தவர்கள் இவர்கள்தான். நீ, ஏழுமலை, சவாரித் திடலின் வாசலில் சீட்டு கிழித்துக் கொடுத்துக்கொண்டு நின்றாய். உன் பெண்டாட்டி மீனா புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தாள். மணலூர்பேட்டையிலிருந்து உன் அக்கா செல்வியும் அவள் வீட்டுக்காரர் பன்னீரும் மலை பார்க்க வந்திருந்தார்கள். அவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நம் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மலைக்காரர் சின்னையன் தண்ணீர் வாளியோடு நின்றார். உன் சின்ன மகள் கயல் கயிற்றுக்கு வெளியே ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் மீனாவுக்குப் பக்கத்தில். உன் பெரிய மகள் யாழினி கருப்பிக் குதிரையின் மேல். சவாரிக்கு வந்த வெளியூர்க்காரர்களை நான் சேர்க்கவில்லை. அவர்களுக்கு அவள் யாரோ. நமக்கு அப்படி இல்லை. நம் கண்ணெதிரில்தான் அந்தப் பெண் இறங்கினாள், கால் தரையில் பட்ட பிறகும் சேணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து போய் என்னவென்று கேட்டேன். "ஆயா, கீழ எனக்கு ஒண்ணுமே தெரியல. காலைலேருந்து ஒண்ணுக்கும் வரல" என்றாள். அழவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், இப்போது எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். போன மாதம் நீ போனில் சொன்னாயே, அதற்காக எழுதுகிறேன். "கயல் நல்லா வளந்துட்டாம்மா. வர்ற சீசன்ல அவளயும் ஏத்திடலாம்னு பாக்கறேன். அப்பா சேணம் சும்மாதான கெடக்குது" என்றாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவள் நான், வாயால் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்தால் போதாது. பெண்பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி அழகு பார்க்கிற எல்லாரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். குடும்ப மானம் என்று நீ குதிக்க வேண்டாம். யாழினியிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க ஆயா. எம் பேரயும் போடுங்க. அந்த எடம் அந்த எடம்னு மூடி மூடி எழுதாதீங்க, பெண்ணுறுப்புன்னே எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். பேனா ஒன்றும் உடைந்துபோகவில்லை.

அந்தச் சேணம் எப்படி வந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் குதிரை விட ஆரம்பித்த காலத்தில் நல்ல சேணம் வாங்க வழியில்லை. கள்ளக்குறிச்சியில் சாமி சிலையும் கதவும் செதுக்குகிற ஆசாரி ஒருவரிடம் போய், உள்சட்டம் மரத்தில் செய்து கொடு, தோலை நான் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஆசாரி குதிரையையே கிட்டத்தில் பார்த்தது கிடையாது. ஒரு முறத்தில் களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, இதில் உட்காருங்க என்றிருக்கிறார். உன் அப்பா உட்கார்ந்து எழுந்தார். அந்தப் பள்ளத்தை அளவு வைத்து வாகை மரத்தில் செதுக்கினார்கள். வேட்டியில் களிமண்ணோடு வீட்டுக்கு வந்து, "எனக்குச் சிம்மாசனம் ரெடியாவுது" என்று சிரித்தார். அவர் ஒல்லியான ஆள், ஒடுங்கின இடுப்பு. நடுவில் மேடு வைத்து, இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற சட்டம் அது. அவருக்கு அது சிம்மாசனம்தான். சாகும்வரை அதில்தான் உட்கார்ந்தார், ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

அவர் போன பிறகு நீ அந்தச் சேணத்தைச் சாமியாக்கிவிட்டாய். தோல் கிழிந்தால் புதுத் தோல் போட்டாய், சட்டத்தைத் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு அப்பா படத்துக்கு முன்னால் அதை வைத்துச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தாய், மாலை போட்டாய், விழுந்து கும்பிட்டாய். அப்பன்மேல் பாசம் இருக்க வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. யாழினிக்குக் காலேஜ் முடிந்து, மலையில் சீசனுக்கு உனக்கு ஆள் போதாமல் அவள் வந்து நின்றபோது, அப்பாவின் சேணத்தை அவளுக்குக் கொடுத்தாய். எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, எங்கப்பன் உக்காந்த எடத்துல எம் பொண்ணு உக்காரப் போறா என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அவளும் உன் காலைத் தொட்டுத்தான் ஏறினாள். அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புதுச்சேரியில் ஒரு குதிரைப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குப் போக வேண்டும், அதற்கு நிறைய ஏறிப் பழக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை இறங்க மாட்டாள். வெளியூர்ப் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி, தான் பக்கத்தில் கருப்பிமேல் போய்க்கொண்டே இருப்பாள்.

கொஞ்ச நாளில் அவள் நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். கச்சிராயபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் காலி சீட்டு இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டிவி பார்க்கும்போது துண்டைச் சுருட்டித் தொடைக்குக் கீழே வைத்து, நடுவில் படாமல் உட்கார்ந்தாள். பாத்ரூமுக்குப் போனால் வர நேரமானது, மீனா கதவைத் தட்டி, உள்ள போன் பாத்துக்கினு இருக்கியா என்று திட்டினாள். நான் கேட்டேன். பார்த்த அன்றைக்கே கேட்டேன். ஒன்றுமில்லை ஆயா, சூடு என்றாள். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன், குடித்தாள். பிள்ளை பொய் சொல்கிறது என்று தெரிந்தது. எதைப் பற்றிப் பொய் என்று தெரியவில்லை.

உன்னிடம் அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை வந்து சொன்னாள், இரண்டு தடவையும் நான் கூடத்தில் இருந்தேன். முதல் தடவை, சேணம் குத்துதுப்பா, நடுவுல கொஞ்சம் செதுக்கிட்டுப் பஞ்சு வெச்சிக்கலாமா என்றாள். அப்பா உக்காந்த சேணம், அதுல கத்தி வெக்கறதா, பழகிப் போவும் என்றாய். இரண்டாம் தடவை வந்தபோது, இப்போது வலி ஜாஸ்தி இல்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். நீ வண்டிக்கு ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்காமல், "மரத்துப் போச்சுன்னா நல்லதுதான? இனிமே வலி தெரியாதுல்ல" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கை காய்த்துப்போகிற மாதிரி அதுவும் காய்த்துப்போகும் என்று நினைத்தாய். உனக்குக் காய்த்துப்போகும். அவளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆடிக்குச் செல்வி வந்திருந்தாள். நானும் அவளும் யாழினியும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நம் வீட்டில் அந்தச் சேணத்தில் ஏறிய இன்னொரு பெண் செல்விதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம், உன் அப்பாவுக்கு ஆள் இல்லாதபோது மலைக்கு மேலே குதிரை ஓட்டிக்கொண்டு போனவள், உனக்கே அவள்தான் ஏறக் கற்றுக்கொடுத்தாள். யாழினி கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே, "அத்த, நீங்க ஏறிக்கினு இருந்தப்ப உங்களுக்குக் கீழ மரத்துப் போச்சா?" என்று கேட்டாள். செல்வி நிமிரவில்லை. "சீ, இன்னாடி கேள்வி இது. அப்படில்லாம் எனக்கு எதுவும் இல்ல" என்றாள். யாழினி சரி என்றாள். கீரையை ஆய்ந்து முடித்தோம். அப்புறம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. தன் உடம்பில் மட்டும்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு அடுத்த சீசனுக்கும் ஏறினாள்.

அதற்குப் பிறகுதான் வெள்ளிமலை. ஜீப்பில் பின்சீட்டில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். தலை என் மடியில், மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நீ ஓட்டினாய். திரும்பித் திரும்பிப் பார்த்தாய், ரோட்டப் பார்த்து ஓட்டுடா என்றேன். பன்னீர் முன்சீட்டில் இருந்து, பொட்டப்புள்ளய குதிர மேல ஏத்துனா இப்படித்தான் ஆவும் என்றார். ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். எடுத்தபோது வலித்ததா என்று மீனா கேட்டாள். இல்லம்மா, போட்டதே தெரியல என்றாள். மீனா சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வந்தது. முதுகெலும்பு அமுங்கியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டார், இல்லை என்றதும், கல்யாணம் ஆனா சரியாப் போயிடும் என்று சொல்லிச் சிரித்தார். நீயும் கூடச் சிரித்தாய், மரியாதைக்கு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுச்சேரியில் அந்த அம்மா டாக்டர் ஒருத்திதான், இவள் எதன்மேல் உட்காருகிறாள் என்று கேட்டாள். சேணத்தைக் கொண்டுவரச் சொன்னாள். நீ அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாய், சேணத்தின் முன்பக்கம் பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. திரைக்குப் பின்னால் டாக்டர் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டுத் தொட்டு, தெரியுதா, இப்ப தெரியுதா என்று கேட்டாள். இல்ல, இல்ல, இல்ல என்று யாழினி சொல்லிக்கொண்டே வந்தது எனக்கும் மீனாவுக்கும் கேட்டது. அப்புறம் மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, ஸ்டூல்மேல் போட்டு, அதில் உட்காரச் சொன்னாள். யாழினி உட்கார்ந்து எழுந்தாள். அட்டையில் இரண்டு பள்ளம். உட்காருகிற இரண்டு எலும்பு அது. டாக்டர் அந்த அட்டையை எடுத்து உன் அப்பாவின் சேணத்துமேல் வைத்தாள். இரண்டு பள்ளமும் மேட்டுக்கு வெளியே, சரிவில், அந்தரத்தில் நின்றது. எலும்பு தாங்க வேண்டிய பாரத்தை எல்லாம் நடுவில் இருக்கிற சதை தாங்கியிருக்கிறது. அந்த எலும்புக்கு உள்பக்கமாக ஒரு நரம்பு போகிறதாம், பெண்ணுறுப்புக்கும் சிறுநீர் வழிக்கும் ஆசனவாய்க்கும் அதுதான் உணர்ச்சி கொடுக்கிறதாம். அதை இரண்டு சீசனாக மரத்தால் நசுக்கியிருக்கிறோம். பெண்களுக்கு அந்த எலும்பு அகலம், ஆம்பளை அளவுக்குச் செய்த சேணம் ஆகாது என்றாள். ஆம்பளைகளுக்கும் வருமாம், ஆனால் அவர்கள் வாயைத் திறந்து சொல்லிவிடுவார்களாம். மரத்துப்போவது பழகிப்போவது இல்லை, நரம்பு அணைந்துபோவது, முதல் நாளே இறங்கியிருந்தால் வாரத்தில் சரியாகியிருக்கும் என்றாள். நீ சேணத்தை மறுபடியும் துணியில் சுற்றினாய்.

அன்றைக்குச் செல்வியும் வந்திருந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சுவரோரம் நின்றாள், நானும் நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் இருந்துச்சும்மா. கல்யாணத்தப்ப மணையில உக்கார முடியல. பையன் பொறந்தப்ப தையல் போட்டாங்க, அது கூடத் தெரியல. கம்மியாயிடும் கம்மியாயிடும்னு இருந்துட்டேன். அவருக்கு இது வரைக்கும் தெரியாது" என்றாள். கீரை ஆய்ந்த அன்றைக்கு ஏன் இல்லையென்றாய் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அந்த உடம்போடு என் எதிரில் உட்கார்ந்து எழுந்தவள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, அது எங்கள் காலத்துப் பெண்களைக் கொன்றிருக்கிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

யாழினிக்கு இப்போது எப்படி என்று நீ கேட்பதில்லை, நானே சொல்கிறேன். நடுவில் ஓட்டை வைத்த மெத்தையில்தான் உட்காருகிறாள். அடிவயிற்றுத் தசையைத் தளர்த்திவிட ஒரு பெண் பயிற்சி கொடுக்கிறாள், நரம்புக்கு மாத்திரை, சிறுநீர் தானாகப் போகிறது. அந்தப் பயிற்சிப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது, ஆனால் ஏறுவதில்லை, தரையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வலி கம்மி ஆயா, உணர்ச்சிதான் இன்னும் வரல என்கிறாள். வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுவேன் என்கிறாள். சொல்லட்டும். எனக்கு இதையெல்லாம் எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிரித்த டாக்டர்மேல் இருந்தது, அவருக்குப் படித்தது அவ்வளவுதான் என்று விட்டேன். பன்னீர் முன்சீட்டில் சொன்னதை எந்த விசேஷத்திலும் அவர் முகத்தைப் பார்த்ததும் நினைத்துக்கொள்வேன், ஆனாலும் இலையில் சோறு போட்டுவிடுவேன். மீனா கதவைத் தட்டித் திட்டியதற்கு அவளே மகள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள், அது முடிந்தது. உன்மேல் இருப்பது பெரியது. ஆனால் அப்பனின் ஞாபகத்தை நீ கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாய், தெரியாமல் செய்தாய். தெரியாமல் செய்தவனை எத்தனை நாளைக்குத் தள்ளி வைக்க முடியும்? இப்போது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகு கயலை அதில் ஏற்றினால் அது வேறு கணக்கு, அதைச் சொல்லிவிட்டேன்.

கயல் ஏறக் கூடாது என்று நான் சொல்லவில்லை, ஏழுமலை. அவளுக்குக் குதிரை என்றால் உயிர். அவளையும் அட்டைமேல் உட்காரவைத்து அளவு எடு. யாழினி தெரிந்த இடத்தில் சேணம் செய்து வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறாள், அவளிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லையென்றால் என்னிடம் சொல். நாள் முழுக்க ஏற்றி வைக்காதே, இறக்கி நடக்கவிடு. இறங்கியதும் எங்கே வலிக்கிறது என்று கேள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில். வலிக்கிறது என்றால் அன்றைக்குச் சவாரி இல்லை. மரத்துப்போச்சு என்றால் அன்றைக்கே டாக்டர். மகளிடம் அதைக் கேட்க அப்பனுக்குக் கூச்சமாக இருந்தால், மகளை ஏற்றவும் கூசியிருக்க வேண்டும். உன் அப்பாவின் சேணத்தைக் கும்பிட வேண்டுமென்றால் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொள், குதிரைமேல் வைக்காதே. அவர் இருந்திருந்தால் பேத்திக்காக அதை அவரே அடுப்பில் வைத்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே. நீ சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்கினாய், மீனா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நானும், உன் அக்காவும், கயலும். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. கயல் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்து, "அத்த, அப்பா என்னயும் தாத்தா சேணத்துல ஏத்தப் போறாராம். எனக்குப் பயமாக்குது. அக்காவுக்கு ஆன மாதிரி உங்களுக்கும் ஆச்சா? நெஜமா சொல்லுங்க" என்று கேட்டது. இதற்குமேல் ஒரு பிள்ளை எப்படிக் கேட்கும்? யாழினியின் மெத்தையைப் பார்த்தவள், அட்டையில் பள்ளத்தைப் பார்த்தவள், சுவரோரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அந்தப் பிள்ளையின் தலையைத் தடவினாள். "எனக்கு ஒண்ணும் ஆகலடி. உங்கக்கா ஒடம்பு வாகு அப்படி. நீ தைரியமா ஏறு" என்றாள்.

முதல் தடவை சொன்ன பொய்யை வெட்கம் என்று விட்டேன். இரண்டாவதை என்னால் விட முடியவில்லை. எழுந்து கயலைக் கூட்டிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்து உள்ளதை நானே சொன்னேன். செல்வி என்னிடம் இரகசியமாகச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். இதோ இப்போது ஊருக்கும் சொல்லிவிட்டேன். அவள் இனிமேல் என் வாசற்படி மிதிக்க மாட்டாள் என்று நீ சொல்லி அனுப்பியிருக்கிறாய். வர வேண்டாம். நான் செத்தால் தலைமாட்டில் உட்கார்ந்து அழவும் வர வேண்டாம். உன்னையும் மீனாவையும் பன்னீரையும் அந்தச் சிரித்த டாக்டரையும் கூட விட்டுவிட்டேன். ஒருத்தியை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற மூத்தவள், செல்வி.